டொஹ் என்று சொல்லு

சுவிஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேலை இடத்தில் எனக்குக் கோப்பி கிடைக்கவில்லை. யாரும் வஞ்சகம் செய்யவில்லை. கோளாறு என் வாயில் இருந்தது.

முதியோர் இல்லமொன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. காலையில் எல்லோரும் மெஷின்களை ஓடவிட்டுவிட்டுக் கோப்பிக்கு உட்காருவார்கள். புதியவள் என்ற கூச்சத்தில் நான் மூலையில் நிற்பேன். எங்கள் பொறுப்பாளர் நல்ல மனுசி. என்னைப் பார்த்து, "உனக்குக் கோப்பி வேண்டாமா?" என்று கேட்பார். நான் "நைன்" என்பேன், ஜெர்மனில் இல்லை என்பதற்கு அதுதான் சொல். இல்லை, வேண்டும் என்று சொன்னதாக என் நினைப்பு. அவருக்குக் கேட்டதோ வேண்டாம் என்று. கோப்பி வராது. ஒருநாள் வயிறு சரியில்லை, உண்மையிலேயே கோப்பி வேண்டாம். "உனக்குக் கோப்பி வேண்டாமா?" "யா." ஓம், வேண்டாம் என்றுதான் சொன்னேன். பெரிய கோப்பை நிறையக் கோப்பி வந்தது. குடித்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன்.

"நீ சாப்பிடேல்லையோ?" என்று கேட்டால், சாப்பிட்ட தமிழர் "இல்லை, சாப்பிட்டனான்" என்பார். சாப்பிடாதவர் "ஓம், சாப்பிடேல்லை" என்பார். நாங்கள் கேட்டவருடைய நினைப்பு சரியா பிழையா என்று பார்த்துப் பதில் சொல்கிறோம். ஜெர்மன் கதைக்கிறவர் சோறு வயிற்றுக்குள் போனதா இல்லையா என்று மட்டும் பார்க்கிறார். இல்லையா என்று கேட்டவரை மறுத்து உண்டு என்று சொல்ல அவர்களிடம் தனியாக ஒரு சொல் இருக்கிறது. டொஹ். தொண்டையில் மீன்முள் சிக்கினவன் காறுகிற சத்தம். தமிழில் அதற்கு ஈடான சொல் இல்லை. எனக்கு அது பிடிபடக் கனகாலம் எடுத்தது. அதன்பிறகு கோப்பிக்குக் குறைவில்லை.

இந்தக் கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் நடித்துக்காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

நான் இருக்கும் மாநிலம் சின்னது. மலை, புல், மாடு, நடுவில் ஒரு ஏரி. பாசல் நகரத்தில் இருந்து வருகிற உறவுக்காரர், "இஞ்சை மனுசர் இருக்கினமோ?" என்று கேலி பேசுவார்கள். இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் ஒவ்வொருவரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தெருவில் எதிரே வருகிற எவருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் அடுத்த கிழமை அது உங்கள் காதுக்கே திரும்பி வரும். குளிருக்கு உடுப்பு இல்லாமல் வந்தவளுக்கு வாசலில் கோட் வைத்துவிட்டு மணி அடிக்காமல் போவார்கள். குப்பையைப் பிழையான பையில் போட்டால் அதே வாசலில் பையும் திரும்பி வந்து நிற்கும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

நான் கலியாணம் செய்து வந்தவள். என் கணவர் எனக்கு முன்னமே அகதியாக வந்து விசா எடுத்தவர். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை, கிழமைக்கு ஒருமுறைதான் வீடு. நான் வந்து நீண்ட காலத்துக்குப் பிறகு மன்னாரில் இருந்து என் தங்கச்சி வந்தாள்.

அவளுடைய புருசன் கடலுக்குப் போகிறவன். ஒருநாள் கரையில் வைத்து ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதே ஆட்கள் இவளிடம் வந்து அவன் எங்கே என்று கேட்டார்கள். கொண்டுபோனவர்களே வந்து எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? இரண்டு தரம் இவளையும் விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாவது தரம் திரும்பி வந்தவள் ஒரு மாதம் யாரோடும் கதைக்கவில்லை என்று அம்மா சொன்னா. காணியை விற்று அனுப்பிவிட்டா.

அகதிகளை மாநிலங்களுக்குப் பங்கு பிரித்து அனுப்புவார்கள். அக்கா இங்கே இருக்கிறாள், தங்கச்சி அங்கே இருக்கட்டும் என்ற கணக்கெல்லாம் அதில் இல்லை. ஆனால் குலுக்கலில் விழுந்த மாதிரி எங்கள் மாநிலமே அவளுக்கு விழுந்தது. எங்கள் ஊருக்கு மேலே, முன்பு பள்ளிப் பிள்ளைகள் பனிச்சறுக்கு முகாமுக்கு வருகிற பழைய கட்டடத்தில் அவளை வைத்தார்கள். நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

ஊர் அவளை எடுத்துக்கொண்டது. பொய் சொல்லக்கூடாது, இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டது. முதல் ஞாயிறே கோயிலில் அவள் தமிழில் முணுமுணுத்துப் பாடியதைப் பக்கத்து வாங்கில் இருந்த ஒரு பால்பண்ணைக்காரி கேட்டார். பூசை முடிந்ததும் அவள் கையைப் பிடித்துப் பாடகர் குழுவுக்குள் இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டார். ஒரு வட்டச் சீஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் வந்தார். அதனால் நாங்கள் அவருக்கு சீஸ் மாமி என்று பெயர் வைத்தோம். எந்நேரமும் ரப்பர் சப்பாத்து, சாண வாசம், உரத்த சிரிப்பு. தங்கச்சி அவருடைய மாட்டுக் கொட்டிலில் உதவிக்குப் போவாள். அவர் அவளுக்கு ஜெர்மன் கதைக்கப் பழக்கினார். புருசன் போனபிறகு தங்கச்சி வாய்விட்டுச் சிரித்தது முதலில் அந்தக் கொட்டிலில்தான்.

அந்தக் காலத்தில் அகதிகள் சட்டத்தை இறுக்குவதா என்று ஒரு வாக்கெடுப்பு வந்தது. எங்கள் ஊரில் பெரும்பாலானோர் இறுக்கத்தான் வேண்டும் என்று போட்டார்கள். சீஸ் மாமியும் அப்படித்தான் போட்டார். ஒளிக்காமல் சொன்னார். எனக்கு மூக்கு விடைத்துவிட்டது. "அப்ப என் தங்கச்சி?" என்று கேட்டேன். அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். "அவளைப் பற்றியா? அவள் எங்களுடையவள். இது மற்றவர்களைப் பற்றியது" என்றார். மற்றவர்களை அவர் கண்டதில்லை. கண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு சீஸ் கொண்டுபோயிருப்பார். அன்று இரவு முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு கிடந்தேன்.

அவளுடைய அகதிக் கோரிக்கையை தலைநகர் பேர்ணில் நிராகரித்தார்கள். அவள் சொன்னது நம்பும்படி இல்லையாம். முதல் விசாரணையில் ஆட்கள் விடியப்புறம் வந்தார்கள் என்றாளாம், இரண்டாவதில் காலையில் என்றாளாம். மேல்முறையீட்டிலும் அதே பதில்தான். அவள் வாயில் இருந்து வந்த எதையும் அவர்கள் நம்பவில்லை. அம்மா அடிக்கடி சொல்லுவா, வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று. எங்கள் வீட்டில் வாய் எனக்கு வந்தது. பிழைக்க வேண்டியவளாக அவள் இருந்தாள்.

ஒரேயொரு வழி மிச்சம் இருந்தது. அகதி இல்லை என்று சொன்னாலும், ஐந்து வருடம் இருந்து, மொழி பழகி, ஊரோடு ஒட்டிவிட்ட ஒருவருக்காக மாநிலம் பரிந்துரைத்தால் விசா கிடைக்கலாம். பரிந்துரைக்காவிட்டால் கதை முடிந்தது. அந்த ஐந்து வருடமும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து பயந்துதான் போனது. மேலே அந்தக் கட்டடத்தில் வாசலில் கார் வந்து நின்றாலே அவள் விளக்கை அணைத்துவிடுவாள். அவளோடு ஒரே அறையில் இருந்த வேறு நாட்டுப் பிள்ளையைப் பொலிஸ் விலங்கு போட்டுக் கொண்டுபோனபோது அவள் கட்டிலுக்குக் கீழே கிடந்தாளாம். பிறகு என்னிடம் ஒன்று சொன்னாள். "அக்கா, திருப்பி அனுப்பினா நான் அங்கை உயிரோடை இருக்கமாட்டன். நான் சும்மா சொல்லேல்லை." அவள் சும்மா சொல்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

விண்ணப்பம் போட்டோம். சீஸ் மாமி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். வாக்கெடுப்பில் இறுக்கச் சொன்ன அதே கைகள் எல்லாம் போட்டுக்கொடுத்தன. மாநில அலுவலகத்தில் இருந்து நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஜெர்மனில் தானே கதைத்துக் காட்டவேண்டும். துணைக்கு ஒருவர் கூட இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக்கூடாது. இதைக் கேட்டதும் என் கணவர், "அப்ப உன்னைக் கூட்டிக்கொண்டு போறது ஆபத்து" என்றார்.

ஒரு மாதம் அவளைப் பழக்கினேன். முதலில் அந்தச் சொல்லைத்தான் பழக்கினேன். "உனக்குப் பசிக்கேல்லையோ?" "டொஹ்." "உனக்குக் குளிரேல்லையோ?" "டொஹ்." அவள் தொண்டையைக் காறிக் காறிச் சொல்லிச் சிரித்தாள். "தவளை மாதிரிக் கிடக்கு அக்கா." என் சமையலறையில் ஒருமுறைகூட அவள் பிழைவிடவில்லை.

அலுவலகத்தில் இருந்த பெண்ணை எனக்கு முன்பே தெரியும். இந்த மாநிலத்தில் யாரைத்தான் தெரியாது? அவருடைய அம்மா எங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அந்த அம்மாவின் பூப்போட்ட சட்டைகளை நான்தான் அயர்ன் செய்கிறேன். அலுவலகப் பெண் எங்களைக் கண்டதும் எழுந்து கை கொடுத்தார். தண்ணீர் வைத்தார். பிஸ்கட் வைத்தார். அவர் முகத்தில் துளி வெறுப்பு இல்லை. இருந்திருந்தால் நான் இன்று யாரையாவது மனம்விட்டுத் திட்டவாவது முடியும்.

கனநேரம் எல்லாம் நன்றாகவே போனது. பாடகர் குழு, மாட்டுக் கொட்டில், வேலை கிடைத்தால் என்ன செய்வாய் என்ற கேள்வி. அவள் நிமிர்ந்து இருந்து மெல்லமாக, ஆனால் சரியாகப் பதில் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது அந்தப் பெண் எங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டார். அம்மா தனியாக இருக்கிறாரா, வயது என்ன, நடக்க முடியுமா. தங்கச்சி கண்ணீரோடு பதில் சொன்னாள். அந்தப் பெண்ணின் கண்ணும் கலங்கியது. தன் அம்மாவை நினைத்திருப்பார். குரலைத் தாழ்த்தி, மிகவும் அன்பாகக் கேட்டார்.

"திரும்பி உங்கள் அம்மாவிடம் போக உங்களுக்கு விருப்பம் இல்லையா?"

தங்கச்சி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "யா" என்றாள்.

ஓம், விருப்பம் இல்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு ஓம், விருப்பம் என்று கேட்டது. அவர் எழுதத் தொடங்கினார். கதிரையின் நுனிக்கு வந்தேன். அவர் மீண்டும் நிமிர்ந்து, இன்னும் மென்மையாக, சரிபார்த்துக்கொள்வது போலக் கேட்டார்.

"அப்படியென்றால், நீங்கள் இங்கே இருக்க விரும்பவில்லை?"

தங்கச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலையைப் பலமாக ஆட்டி, "நைன்! நைன்!" என்றாள்.

இல்லை, அப்படி இல்லை, நான் இருக்கத்தான் விரும்புகிறேன். அவள் கதறியது அதுதான். உலகத்தில் எந்தத் தமிழனுக்கும் விளங்கியிருக்கும். அந்தப் பெண்ணுக்கோ, இருக்க விருப்பம் இல்லை என்றுதான் கேட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நான் எழும்பியே விட்டேன். "டொஹ் எண்டு சொல்லடி! டொஹ் எண்டு சொல்லு!" என்று தமிழில் கத்தினேன்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். அவர் காதில் விழுந்தது இவ்வளவுதான்: தங்கச்சி ஒன்று சொல்கிறாள், அக்கா தன் மொழியில் அதட்டி அதை மாற்றச் சொல்கிறாள். "உங்கள் சகோதரி தனக்காகத் தானே பேசட்டும்" என்றார். நான் ஜெர்மனில் விளக்கத் தொடங்கினேன். பதற்றத்தில் எனக்கும் வசனம் தலைகீழாக வந்தது. அவர் எழுந்து கதவைத் திறந்து, என்னை வெளியே இருக்கும்படி கேட்டுக்கொண்டார். தயவுசெய்து என்ற சொல்லை அவர் ஒருமுறைகூட விடவில்லை.

நடையில் நின்றேன். சுவரில் மாடுகளின் படம் ஒன்று மாட்டியிருந்தது. உள்ளே என்ன கேட்கிறார் என்று கதவில் காதை வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

தங்கச்சி வெளியே வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. "ஏன் அக்கா கத்தினீங்கள்? நான் நல்லாத்தான் கதைச்சனான். அவ நல்லவ. என்ரை ரெண்டு கையையும் பிடிச்சு, எனக்கு விளங்குது, பயப்பிடாதையுங்கோ எண்டு சொன்னவ." சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். பஸ்ஸில் ஏறியபிறகு சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உதடுகளை அசைத்து, கேள்வியையும் பதிலையும் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ரெண்டு தரமும் பிழையாச் சொன்னனானோ?"

"ஓம்."

"எனக்கு அந்தச் சொல் தெரியும் அக்கா. ஆனா அவ அம்மாவைக் கேட்டோடனை எனக்குத் தமிழ்தான் வந்தது."

மாநில அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தோம். எங்கள் மொழியில் 'இல்லையா' என்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வோம் என்று உதாரணத்தோடு எழுதினோம். பாதிரியாரும் ஒப்பம் வைத்தார். பதில் இல்லை. ஒரு ஞாயிறு அந்தப் பெண் தன் அம்மாவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்கு வந்தபோது, அயர்ன் செய்த சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டே வழியை மறித்தேன். கோப்பிக் கதையை அவருக்குச் சொன்னேன். நடித்துக்கூடக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டார்.

"நான் இங்கே ஒரு மகளாக வந்திருக்கிறேன். அலுவலக விஷயம் பேசக்கூடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் சகோதரி வளர்ந்த பெண். இரண்டு முறை தெளிவாகச் சொன்னார். அவர் சொல்லைத்தான் நான் நம்பவேண்டும், உங்கள் சொல்லை அல்ல."

ஐந்து வருடமாக அவள் சொன்ன ஒரு சொல்லையும் நம்பாத நாடு. அவள் பிழையாகச் சொன்ன இரண்டு சொல்லை மட்டும் அப்படியே நம்பிவிட்டது. சட்டைகளை அந்த அம்மாவின் அலுமாரியில் அடுக்கினேன். ஒன்றையாவது கிழித்துப்போட வேண்டும் போல இருந்தது. கிழிக்கவில்லை.

மாநிலம் பரிந்துரைக்கவில்லை. தாயகத்தோடும் தாயோடும் உள்ள பிணைப்பு வலுவானது, திரும்பும் விருப்பத்தை அவரே தெரிவித்தார் என்று முடிவுக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். சட்டத்தரணி ஒருவரைப் பிடித்தோம். இதற்குமேல் போக இடமில்லை என்றார். பேர்ண் பக்கம் பூம்ப்ளிஸில் இருக்கும் என் சிநேகிதி, "கொண்டுவந்து என்ரை வீட்டிலை விடு, ஒளிச்சு வைப்பம்" என்றாள். தங்கச்சி மாட்டேன் என்றுவிட்டாள். எங்கள் எல்லோருக்கும் விசாவில் கை வைப்பார்கள் என்ற பயம் அவளுக்கு. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகும் அவள் மற்றவர்களுக்காகக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொலிஸ் எப்போது வரும் என்று காத்திருப்பதுதான் அவளை உருக்கியது. சாப்பாடு இறங்கவில்லை. உடுப்போடும் சப்பாத்தோடும் கட்டிலில் இருந்தபடி தூங்கினாள். கடைசியில் தானாகவே போகிறேன் என்று ஒப்பம் வைத்துவிட்டு வந்து நின்றாள். நான் தலையில் அடித்துக் கத்தினேன். "விசரே உனக்கு? அங்கை உயிரோடை இருக்கமாட்டன் எண்டு நீதானே சொன்னனீ!"

"சொன்னனான்தான். ஆனா விலங்கு போட்டுக் கொண்டுபோகேக்கை இந்த ஊர்ச் சனம் என்னைப் பாக்கக்கூடாது அக்கா. என்ரை காலாலை நடந்து போறன்."

மாநிலம் மறுத்ததையும் போகும் நாளையும் சீஸ் மாமிக்கு அவள் சொல்லவில்லை. சொன்னால் மனுசி ரோட்டில் படுத்துவிடும் என்றாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஊரே கையெழுத்துப் போட்டிருக்கிறது, ஊர் சொன்னால் மாநிலம் கேட்கும் என்பதுதான். தன் மாநிலத்தை அவர் அவ்வளவு நம்பியிருந்தார்.

போகிற காலை பனி பெய்யவில்லை. நல்ல வெயில். மஞ்சள் பஸ் ஊர்க் கடைக்கு முன்னால் வந்து நின்றது. சாரதி இறங்கி அவள் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, "விடுமுறையா?" என்று சிரித்துக் கேட்டார். அவரும் கையெழுத்துப் போட்டவர்தான். நான் விமான நிலையம் வரை போகிறேன் என்று என் பையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். அப்போது பால் கொடுத்துவிட்டு வந்த சீஸ் மாமி எங்களைக் கண்டார். பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ரப்பர் சப்பாத்தோடு ரோட்டின் குறுக்கே ஓடிவந்தார். மூச்சு வாங்க அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நீ போகவில்லைத்தானே? சொல்லு. நீ போகவில்லைத்தானே?"

தங்கச்சி அவரை நேரே பார்த்தாள். அவசரப்படவில்லை. தமிழ் குறுக்கே வரவில்லை.

"டொஹ்" என்றாள்.